மார்புக் காப்பின் பெயர்களும் அகராதிப் பொருளும்: ‘கவசம்’ என்னும் சொல் பற்றிய ஒரு மதிப்பீடு

1. முன்னுரை

போர்க்களத்தில் வீரனின் மார்பைக் காத்த கருவி எல்லாக் காலத்திலும் ஒன்றாக இருந்ததில்லை. தைத்த துணி, பதப்படுத்தாத தோல், கயிற்றாற் கோத்த தகடு, ஒன்றோடொன்று பின்னிய இரும்பு வளையம், அடித்துத் தட்டிய எஃகுப் பலகை, இன்றைய செயற்கை இழை எனப் பொருளும் செய்முறையும் மாறி வந்துள்ளன. இவற்றுள் ஒன்று வந்ததும் மற்றொன்று மறைந்துவிட்டது என்றும் கூறுவதற்கில்லை. துணியும் வளையமும் பலகையும் ஒரே மார்பின் மீது ஒருங்கே அணியப்பட்ட காலமும் உண்டு.

இத்தகைய வேறுபாடுகள் தமிழில் எழுதப்படும் வரலாற்று நூல்களிலும் மொழிபெயர்ப்புகளிலும் பெரும்பாலும் புலப்படுவதில்லை. எல்லாம் ‘கவசம்’ என்னும் ஒரு சொல்லுள் அடங்கிவிடுகின்றன. ஆங்கில வழி எழுதப்பட்ட நூல்களிலோ வேறொரு குறை காணப்படுகிறது. இரும்பு வளையங்களால் ஆகிய சட்டையைக் குறிக்கும் ஆங்கிலத் தொடர், எந்தக் காலத்து எந்தக் காப்பிற்கும் பொதுப்பொருளாகத் தரப்பட்டுள்ளது. முன்னது வேறுபாட்டை மறைக்கிறது. பின்னது இல்லாத பொருளை இருந்ததாகக் காட்டுகிறது.

இவ்விரு குறைகளும் அகராதி முறையிலிருந்து தோன்றியவை என்பதையும், காப்பின் பெயரோடு வரும் வினைச்சொல்லை நோக்கினால் இவற்றைப் பெருமளவு களையலாம் என்பதையும் நிறுவுவது இக்கட்டுரையின் நோக்கம். இந்தியச் சான்றுகளே இங்கு முதன்மையாக எடுத்துக்கொள்ளப்படுகின்றன. ஒப்புமை தேவைப்படும் இடங்களில் மட்டும் கிரேக்க, இலத்தீன் சொற்கள் சுட்டப்படுகின்றன.

2. ஒருபொருட் பன்மொழி என்னும் கொள்கை

அமரகோசம் உடற்காப்பிற்கு ஏழு பெயர்களை ஓரிடத்தில் தொகுத்துத் தருகிறது. வர்மம், கவசம், தனுத்ரம், உரச்சதம், தம்சனம், கங்கடகம், ஜகரம் என்பன அவை. இவற்றை ஒருபொருட் பன்மொழி என்று கொள்வதே நிகண்டைப் பயில்வோரின் வழக்கம். ஆயின் சொல்லமைப்பை நோக்கும்போது இவை ஒரே நோக்கில் இடப்பட்ட பெயர்கள் அல்ல என்பது விளங்கும்.

‘வர்மம்’ மூடுதல் என்னும் பொருளுடைய வேரிலிருந்து பிறந்தது. ‘தனுத்ரம்’ உடலைக் காப்பது என்னும் பொருளது. இவை இரண்டும் பயன் நோக்கிய பெயர்கள். ‘உரச்சதம்’ மார்பை மூடுவது. இது இடம் நோக்கிய பெயர். ‘தம்சனம்’ கடித்தலைக் குறிக்கும் வேரோடு தொடர்புடையது. கங்கடகம், ஜகரம் போன்றவற்றின் அமைப்பு வெளிப்படையாக விளங்குவதில்லை. மார்பை மட்டும் மூடுவதற்கும் உடல் முழுவதையும் காப்பதற்கும் உள்ள வேறுபாடு போர்க்களத்தில் உயிரைப் பற்றிய வேறுபாடு. நிகண்டிலோ அது மறைந்துவிடுகிறது.

இதனை அமரசிம்மரின் பிழை என்று கூறுதல் பொருந்தாது. நிகண்டு செய்யுள் இயற்றுவோர்க்குப் பயன்படும் கருவி. ஒரு சொல்லுக்கு மாற்றாக யாப்பில் பொருந்தக்கூடிய வேறு சொற்களைத் தருவதே அதன் பணி. மேலும் அவர் எல்லாவற்றையும் ஒன்றாகக் கலந்துவிடவும் இல்லை. கஞ்சுகம், வாரபாணம் என்னும் இரண்டையும் தனியே ஒரு தொகுதியாக வைத்துள்ளார்; தலைக்காப்பையும் தனியே கூறுகிறார். செய்யுளுக்கு உதவும் கருவியைப் பொருள்வரலாற்றுக்குச் சான்றாகக் கொண்டவர்கள் பிற்காலத்தவரே.

3. வினைச்சொல் தரும் சான்று

பெயர்ச்சொல் ஒரு பொருளைச் சுட்டுகிறது. அப்பொருளை மக்கள் எவ்வாறு செய்தனர், எவ்வாறு அணிந்தனர், அஃது எவ்வாறு அழிந்தது என்பவற்றை வினைச்சொல்லே காட்டுகிறது. பொருள் மாறிய பின்னரும் பெயர் நிலைத்து நிற்கக்கூடும். செய்வினை அவ்வளவு எளிதில் ஏமாற்றுவதில்லை.

ருக் வேதத்தில் ‘வர்மன்’ என்னும் சொல் பல இடங்களில் வருகிறது. ஆறாம் மண்டலத்தின் 75ஆம் சூக்தம் முழுவதும் போர்க்கருவிகளைப் பற்றியது; அது வர்மத்தில் தொடங்கி, உயிர்நிலைகளாகிய மர்மங்களை வர்மத்தால் மூடுவதைக் கூறும் பகுதியை இறுதிப் பாடல்களுள் கொண்டுள்ளது. மர்மம், வர்மம் என்னும் ஒலியியைபு தற்செயலானதன்று. காப்பின் பயன் உயிர்நிலையை மறைப்பது என்னும் கருத்து அதில் அமைந்துள்ளது. ஆனால் அக்காப்பு எதனால் ஆனது என்பதை இச்சூக்தம் தெரிவிக்கவில்லை.

அதனை வேறு இரண்டு இடங்கள் ஓரளவு தெரிவிக்கின்றன. முதல் மண்டலத்தின் 31ஆம் சூக்தத்தில் நன்கு தைக்கப்பட்ட வர்மம் உவமையாக வருகிறது. பத்தாம் மண்டலத்தின் 101ஆம் சூக்தத்தில் அகன்ற வர்மங்கள் பலவற்றைத் தைக்குமாறு ஏவப்படுகிறது. இரண்டிடத்தும் வினை தைத்தலே. அதர்வ வேதத்தின் பதினோராம் காண்டத்தில் கவசத்தைக் கட்டும் கயிறு, வில்லின் நாணோடு சேர்த்துக் கூறப்படுகிறது. போருக்கு ஆயத்தமாதலைக் குறிக்கும் ‘சந்நாகம்’ என்னும் சொல்லும் கட்டுதல் என்னும் வேரிலிருந்தே வந்தது. தைத்தல், கட்டுதல் என்னும் இவ்விரு வினைகளும் துணி, தோல் ஆகியவற்றிற்கு இயல்பானவை.

மாக்டனல், கீத் ஆகியோர் 1912ஆம் ஆண்டில் வெளியிட்ட வேதச் சொல்லடைவு இச்சான்றைக் கவனித்துள்ளது. வர்மம் எதனால் ஆனது என்பது உறுதியில்லை என்றும், தைத்தல் பற்றிய குறிப்பு துணிக்காப்பிற்குச் சார்பாக அமையலாம் என்றும், பின்னர்க் காணப்படும் உலோகக் குறிப்புகள் தோலின் மீது பதித்த உலோகத்தையும் சுட்டக்கூடும் என்றும் அவர்கள் எழுதியுள்ளனர். அகராதி ஆசிரியர் பின்பற்ற வேண்டிய எச்சரிக்கை இதுவே. கி.மு. 480இல் சர்க்சீசின் படையில் சென்ற இந்திய வீரர்கள் பருத்தி ஆடை அணிந்திருந்தனர் என்னும் ஹெரடோட்டசின் கூற்றையும் இத்துடன் வைத்து நோக்கலாம்.

இங்கு ஒரு மறுப்பு எழக்கூடும். உலோகச் செதில்களையும் தோலின் மீது தைக்கலாம் அன்றோ? தைக்கலாம். எனவே தைத்தல் என்னும் வினை உலோகத்தை முற்றிலும் விலக்குவதில்லை. ஆனால் அது வளையச் சட்டையை விலக்குகிறது. வளையச் சட்டையில் தைப்பதற்கு ஒன்றுமில்லை. ஒவ்வொரு வளையமும் பொதுவாக அண்டை வளையங்கள் நான்கினூடே செல்லும்; அதன் முனைகள் பொருத்தியோ ஆணி அடித்தோ மூடப்படும். அதற்குரிய வினை கோத்தல் அல்லது பின்னுதல்.

4. வளையச் சட்டை பின்னோக்கிச் சென்ற வரலாறு

மேற்கூறிய சான்று இருக்கவும், மானியர் வில்லியம்சின் வடமொழி அகராதி (1899) ‘வர்மன்’ என்பதற்கும் ‘கவசம்’ என்பதற்கும் தரும் பொருள்களுள் வளையச் சட்டையைக் குறிக்கும் ஆங்கிலத் தொடரும் இடம்பெற்றுள்ளது. ருக் வேதத்தை ஆங்கிலத்தில் பெயர்த்த கிரிபித்தும் மேற்கூறிய போர்ச் சூக்தத்தின் தொடக்கத்தில் அதே சொல்லை ஆண்டுள்ளார். பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆங்கிலத்தில், குறிப்பாகச் செய்யுள் நடையில், அச்சொல் எவ்வகைக் காப்பையும் தளர்வாகக் குறித்தது. கிரிபித்து வளையங்களை மனத்திற்கொண்டு எழுதினார் என்று கருத வேண்டியதில்லை. ஆனால் அவரைப் படித்து வரலாறு எழுதியவர்கள் அச்சொல்லை நேர்ப்பொருளில் எடுத்துக்கொள்ள இடமேற்பட்டது. ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு வரும்போது அது ‘இரும்புச் சட்டை’ ஆகிறது. துணியாகவோ தோலாகவோ இருந்திருக்கக்கூடிய ஒன்று இரண்டு மொழிபெயர்ப்புகளுக்குள் இரும்பாகிவிடுகிறது.

இதன் விளைவு சிறியதன்று. இரும்பு வளையச் சட்டையின் மிகப் பழைய எச்சங்கள் ஐரோப்பாவில் கெல்டியரின் புதைகுழிகளிலிருந்து கிடைத்தவை. ருமேனியாவின் சியுமெஸ்டி என்னுமிடத்துப் புதைகுழி இவற்றுள் பெயர் பெற்றது. இவை கி.மு. மூன்றாம் நூற்றாண்டை ஒட்டியவை. வேதகாலத்தில் அச்சட்டை இருந்ததென்றால், இரும்புத் தொழிலின் வரலாற்றையே மாற்றி எழுத வேண்டியிருக்கும். அதற்குத் தொல்பொருட் சான்று இல்லை. அகராதிப் பொருள் மட்டுமே உள்ளது.

உரையாசிரியர்களிடமும் இப்போக்கு உண்டு. ‘திராபி’ என்னும் வேதச் சொல் மேலாடையைக் குறிப்பதாக ஆய்வாளர் பலர் கொள்வர். பதினான்காம் நூற்றாண்டில் விசயநகரத்தில் வாழ்ந்த சாயனர் அதற்குக் கவசம் என்று பொருள் கூறுகிறார். அவர் காலத்து வீரர்களைக் கண்ட கண்ணுக்கு அது இயல்பான உரையே. உரை என்பது மூலத்தின் காலத்தையும் காட்டும், உரையாசிரியரின் காலத்தையும் காட்டும். எது எதனைக் காட்டுகிறது என்று பிரித்தறிவது ஆய்வாளரின் கடமை.

கிரேக்கச் சான்றுகளைக் கையாளும்போதும் இக்கவனம் வேண்டும். கி.மு. 326இல் அலெக்சாந்தரை எதிர்த்த போரஸ் மன்னனின் மார்புக் காப்பு, உறுதியாலும் உடலோடு பொருந்திய அமைப்பாலும் சிறந்ததென்றும், வலத்தோள் மட்டுமே காப்பின்றி இருந்து புண்பட்டதென்றும் அரியன் எழுதியுள்ளார். அவர் ஆண்ட சொல் ‘தோராக்ஸ்’. அச்சொல் செய்பொருளை உணர்த்தாது. வெண்கலத்துக்கும் துணிக்கும் அதுவே வழங்கியது. பொருந்திய அமைப்பு என்பதிலிருந்து நாம் அறியக்கூடியது காப்பின் வெட்டு மட்டுமே. அது இரும்பா தோலா என்பதை அரியனைக் கொண்டு முடிவு செய்ய இயலாது.

5. அர்த்தசாஸ்திரத்தின் இரண்டு பட்டியல்கள்

நிகண்டு மரபிற்கு நேர் மாறான ஒரு முறையை அர்த்தசாஸ்திரத்தில் காண்கிறோம். அதன் இரண்டாம் அதிகரணத்துப் பதினெட்டாம் அத்தியாயம் படைக்கலச் சாலைத் தலைவனின் பணிகளைக் கூறுவது. சாலையில் உள்ளவற்றை எண்ணிக் கணக்கு வைக்க வேண்டிய அலுவலனுக்கு ஒருபொருட் பன்மொழி பயன்படாது. அவனுக்கு வேறுபாடே தேவை.

அங்கு இரண்டு பட்டியல்கள் உள்ளன. முதற்பட்டியல் லோகஜாலிகை, பட்டம், கவசம், சூத்ரகம் என்பவற்றையும், காண்டாமிருகம், யானை, பசு முதலியவற்றின் தோல், குளம்பு, கொம்பு ஆகியவற்றால் ஆனவற்றையும் கூறி, இவையெல்லாம் ‘வர்மம்’ என்கிறது. ஆகவே இந்நூலில் ‘வர்மம்’ பொதுப்பெயர். ‘கவசம்’ அதன் வகைகளுள் ஒன்று. அமரகோசத்தில் இவ்விரண்டும் நிகரானவை. இன்றைய தமிழில் ‘கவசம்’ பொதுப்பெயர். மூன்று நிலைகளையும் ஒன்றாகக் கொண்டு மொழிபெயர்த்தால் கௌடிலியரின் பகுப்பு முழுவதும் சிதைந்துவிடும்.

இரண்டாம் பட்டியல் தலைக்காப்பு, கழுத்துக்காப்பு என்று தொடங்கிக் கூர்ப்பாசம், கஞ்சுகம், வாரவாணம், பட்டம், நாகோதரிகை என்று செல்கிறது. 1909ஆம் ஆண்டில் மூலத்தைப் பதிப்பித்துப் பின்னர் ஆங்கிலத்திலும் பெயர்த்த சாமசாஸ்திரி இவற்றை அளவு கொண்டு விளக்குகிறார். கூர்ப்பாசம் உடற்பகுதியை மூடுவது. கஞ்சுகம் முழங்கால்வரை நீள்வது. வாரவாணம் குதிகால்வரை நீள்வது. பட்டம் கைப்பகுதி இல்லாதது. அமரகோசம் நிகராக வைத்த கஞ்சுகமும் வாரவாணமும் இங்கு நீளத்தால் வேறுபடுகின்றன. முதற்பட்டியல் செய்பொருளையும் செய்முறையையும் பற்றியது. இரண்டாவது வெட்டையும் அளவையும் பற்றியது என்று கொள்ளலாம். ‘பட்டம்’ இரண்டு பட்டியல்களிலும் வருவது இதனை உறுதிப்படுத்துகிறது. ஒரே பொருளை இருமுறை எண்ணியிருக்க இயலாது. முன்னது தகட்டுப் பட்டையையும் பின்னது கையற்ற மேலங்கியையும் குறிப்பதாகக் கொள்வதே பொருத்தம்.

‘நாகோதரிகை’ என்பதற்குச் சாமசாஸ்திரி கையுறை என்று பொருள் தருகிறார். இதனோடு உறவுடைய ‘நாகோதரம்’ என்னும் சொல்லோ வடமொழி அகராதிகளில் மார்புக் காப்பாகக் காணப்படுகிறது. பாம்பின் வயிறு என்னும் சொற்பொருள், குறுக்கு வரிகளாக அடுக்கிய அமைப்பை நினைவூட்டக்கூடும்; எனினும் உவமையை மட்டும் கொண்டு வடிவத்தை முடிவு செய்தல் ஆகாது. இத்தகைய இடத்தில் இரு பொருளையும் தந்து, ஐயத்தைக் குறித்து வைப்பதே அகராதி நேர்மை.

‘லோகஜாலிகை’ மேலும் நுணுக்கமானது. ‘ஜாலம்’ வலை, ‘லோகம்’ உலோகம் அல்லது இரும்பு. எனவே இது வளையச் சட்டையே என்று தோன்றும். அவ்வாறாயின் நூலின் காலம் பற்றிய வினா எழுகிறது. இது கி.மு. நான்காம் நூற்றாண்டு மோரியர் கால நூல் என்றால், உலகின் மிகப் பழைய வளையச் சட்டைக்குச் சான்று இதுவாகிவிடும். இன்றைய வடிவம் கிறித்து ஊழியின் முதல் நூற்றாண்டுகளைச் சேர்ந்தது என்னும் கருத்தை, 2013இல் புதிய மொழிபெயர்ப்பை வெளியிட்ட பாட்ரிக் ஒலிவெல் முதலியோர் கொண்டுள்ளனர். அக்கருத்தை ஏற்றால் இச்சிக்கல் எழாது. ஆனால் சொல்லைக் கொண்டு நூலின் காலத்தையும், நூலின் காலத்தைக் கொண்டு சொல்லின் பொருளையும் நிறுவுவது சுற்றுவாதம். இரண்டுள் ஒன்று வேறு சான்றால் உறுதிப்பட வேண்டும். மேலும் தொகைச்சொல் இலக்கணப்படி ‘லோகம்’ என்பது ஜாலிகையை மட்டும் தழுவவும் கூடும். பின்வரும் பட்டம், கவசம், சூத்ரகம் ஆகியவற்றையும் தழுவக் கூடும். நூல் என்னும் பொருளுடைய சொல்லிலிருந்து வந்த சூத்ரகம், முன்னைய பொருளில் துணிக்காப்பு. பின்னைய பொருளில் உலோகக் காப்பு.

6. பொருள் மாறியும் பெயர் மாறாமை

பெயரின் வேர்ப்பொருளைக் கொண்டு கருவியின் செய்பொருளை முடிவு செய்வதிலும் இடர் உண்டு. இதற்கு இலத்தீனின் ‘லோரிகா’ தக்க சான்று. பதப்படுத்தாத தோலின் வார்களால் மார்புக் காப்புச் செய்ததால் இப்பெயர் வந்தது என்றும், பின்னர்க் காலியரின் இரும்பு வளையச் சட்டையும் அதே பெயருள் அடங்கியது என்றும் கி.மு. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த வாரோ விளக்கியுள்ளார். சொல் தோலைச் சொல்கிறது, பொருள் இரும்பாகிவிட்டது. ஐரோப்பிய மொழிகளில் எஃகு மார்புப் பலகைக்கு வழங்கும் ‘குய்ராஸ்’ என்னும் பெயரும் தோலைக் குறிக்கும் சொல்லிலிருந்தே வந்தது. கிரேக்கத்தின் ‘தோராக்ஸ்’ ஓமரின் காலத்தில் காப்பைக் குறித்துப் பின்னர் மார்பையே குறிக்கலாயிற்று. இன்று அது மருத்துவச் சொல். வடமொழி ‘உரச்சதம்’ மார்பிலிருந்து காப்புக்குச் சென்றது. கிரேக்கச் சொல் காப்பிலிருந்து மார்புக்கு வந்தது.

ஆகவே சொற்பிறப்பு தனித்து நின்று சான்றாகாது. அது ஒரு தொடக்கத்தைக் காட்டும்; பயன்பாட்டுக் காலத்தைக் காட்டாது. வினைச்சொல், பட்டியலில் உள்ள இடம், அகழாய்வுப் பொருள், சிற்பம் ஆகிய நான்கும் அதற்குத் துணை நிற்க வேண்டும். காந்தாரச் சிற்பங்களில் மாரனின் படைவீரர்கள் செதிலமைந்த காப்புடன் காட்டப்பட்டிருப்பதும், தட்சசீலத்தின் சிர்கப் பகுதியில் காப்புத் தகடுகள் கிடைத்திருப்பதும் வடமேற்கு இந்தியாவில் உலோகத் தகட்டுக் காப்பு வழங்கியதை உணர்த்துகின்றன. அங்குக் காணப்படுவதை அதே நூற்றாண்டின் தென்னாட்டிற்கோ அதற்கு முந்தைய வேதகாலத்திற்கோ ஏற்றியுரைக்க இயலாது.

7. மிகைப்படப் பகுத்தல்

வேறுபாடுகளைக் காண வேண்டும் என்பதால், பெயர்தோறும் ஒரு புதிய கருவியைக் காண்பதும் பிழையாகும். ஆங்கிலேயரான சாமுவேல் மெய்ரிக் 1824இல் வெளியிட்ட காப்புக் கருவிகளின் வரலாறு அத்துறையில் முன்னோடி நூல். பழைய ஓவியங்களிலும் கல்லறைச் சிற்பங்களிலும் காப்பு வெவ்வேறு விதமாக வரையப்பட்டிருப்பதைக் கண்ட அவர், ஒவ்வொரு வரைமுறைக்கும் ஒரு வகையைக் கற்பித்துப் பெயரிட்டார். ஆயிரக்கணக்கான சிறு வளையங்களை வரைவதற்கு ஓவியர்கள் கையாண்ட சுருக்க முறைகளே அவற்றுட் பல என்பதைப் பின்வந்தோர் காட்டினர். எனினும் அப்பெயர்கள் நூற்றாண்டுக்கு மேலாக நூல்களில் நிலைத்தன.

அமரகோசத்தின் ஏழு சொற்களுக்கும் ஏழு கருவிகளைத் தேடுவோரும் இதே பிழையைச் செய்வோராவர். சொற்பன்மை பொருட்பன்மை ஆகாது; சொல்லொருமை பொருளொருமையும் ஆகாது.

8. முகலாயர் காலப் பெயர்கள்

பெயரும் பொருளும் ஒருங்கே கிடைக்கும் காலம் முகலாயர் காலமே. அபுல் பசல் இயற்றிய ஆயினி அக்பரி அரசப் படைக்கலச் சாலையின் பொருள்களைப் பெயரும் விலையும் கூறிப் பட்டியலிடுகிறது. அருங்காட்சியகங்களில் அவற்றுட் பலவற்றைக் காணவும் இயல்கிறது. ‘சிரிஹ்’ வளையச் சட்டை. ‘பக்தர்’, ‘சோஷன்’ என்பன அதிலிருந்து வேறாகக் குறிக்கப்படுகின்றன. ‘சார் ஆயினா’ என்பது மார்பு, முதுகு, இரு விலா ஆகியவற்றிற்குரிய நான்கு எஃகுப் பலகைகளின் தொகுதி. விலாப் பலகைகள் கை அசைவதற்கு ஏற்ப மேற்புறம் வளைத்து வெட்டப்பட்டிருக்கும்.

‘சார் ஆயினா’ என்பதன் நேர்ப்பொருள் நான்கு கண்ணாடிகள். இதனை அவ்வாறே தமிழில் பெயர்த்தால் உடையும் பொருளால் உயிரைக் காத்ததாகப் பொருள்படும். பழைய ஆடி மெருகேற்றிய உலோகத்தால் ஆனது என்பதை உணர்ந்தால் பெயரின் பொருத்தம் விளங்கும். இவ்விடத்தில் ‘நான்காடிக் கவசம்’ என்று பெயர்த்து, விளக்கம் தருவதே ஏற்றது. துணிக்காப்பிற்குரிய ‘சில்தா’ நாற்பது மடிப்பு என்று பொருள்படுவது. இங்குப் பெயர் செய்முறையையே கூறுகிறது.

ஒரே வீரன் பஞ்சு வைத்துத் தைத்த உள்ளங்கியின் மேல் வளையச் சட்டையும் அதன்மேல் நான்கு பலகைகளும் அணிவதுண்டு. ஒவ்வோர் அடுக்குக்கும் ஒரு பணி உண்டு. வளையம் வாளின் வெட்டைத் தடுக்கும்; ஆனால் கூரிய முனையின் குத்து வளையத்தைப் பிளக்கக்கூடும்; பலகை அக்குத்தைத் தடுக்கும்; பஞ்சு அடியின் அதிர்ச்சியை ஏற்கும். ‘அவன் கவசம் அணிந்தான்’ என்னும் மொழிபெயர்ப்பில் இம்மூன்றும் ஒன்றாகி, அப்பொருளின் இயக்கமே மறைந்துவிடுகிறது.

9. தமிழ் வழக்கு

தமிழில் ‘மெய்ம்மறை’ என்பது பயன் நோக்கிய பெயர். எதனால் ஆனது என்பதை அது கூறாது. எதற்கு என்பதையே கூறும். அதனாலேயே அது எளிதில் உருவகமாகிறது. பதிற்றுப்பத்தில் சேர மன்னன் தன் வீரர்களுக்கு மெய்ம்மறையாகக் கூறப்படுவது, முன்னின்று அவர்களைக் காப்பவன் என்னும் பொருளில் ஆகும். செய்பொருளைச் சுட்டும் பெயர் இவ்வாறு உருவகமாதல் அரிது.

‘கவசம்’ என்னும் வடசொல்லும் சங்க இலக்கியத்திலேயே இடம்பெற்றுவிட்டது. புறநானூற்றின் 13ஆம் பாடலில் முடமோசியார் குறிப்பிடும் கவசம் புலியின் தோலால் ஆனதாகக் கொள்ளப்படுகிறது. அங்கும் வினைச்சொல்லே துணை நிற்கிறது. அம்புகள் அக்கவசத்தைக் கிழித்தன என்கிறார் புலவர். இரும்பு துளைபடும், பிளவுபடும். தோலும் துணியுமே கிழியும். ‘கவசம்’ என்பதற்கு வளையச் சட்டை என்று பொருள் தந்துவிட்டு இப்பாடலை மேற்கோள் காட்டும் அகராதி, தன் மேற்கோளாலேயே மறுக்கப்படுகிறது. அவ்வாறே ‘சாலிகை’ என்பது வலையைக் குறிக்கும் ‘ஜாலிகா’ என்பதன் திரிபு. மூலமொழியில் அமைப்பைச் சுட்டிய அச்சொல் தமிழ் நிகண்டு மரபில் கவசத்தின் மற்றொரு பெயராகி, தனக்குரிய சிறப்புப் பொருளை இழந்தது.

இன்றைய தமிழில் ‘கவசம்’ மேலும் விரிந்துள்ளது. இறைவனின் திருமேனிக்குச் சாத்தும் வெள்ளிக் கவசம், உறுப்புகள்தோறும் காவல் வேண்டும் கவச நூல், தலைக்கவசம், 2020ஆம் ஆண்டின் பெருந்தொற்றுக் காலத்தில் எங்கும் பரவிய முகக்கவசம், படையினரின் கவச வாகனம் என அது எல்லாவற்றிற்கும் பொதுவாயிற்று. இதே முறையில் இந்தியில் ‘பக்தர்’ உடலிலிருந்து வண்டிக்குச் சென்று ‘பக்தர்பந்த்’ வண்டி ஆயிற்று. இவ்விரிவு மொழியின் இயல்பு. அதனைக் குறை கூற வேண்டியதில்லை. பொதுப்பெயராகிவிட்ட சொல்லை அடைகொடுத்து வகைப்படுத்தாமல் விடுவதே குறை.

10. பெயரிடுதலில் கொள்ளத்தக்க முறை

கவசம் என்பதைப் பொதுப்பெயராகக் கொண்டு பின்வரும் வகைப்பெயர்களை ஆளலாம். பஞ்சு இட்டு அடுக்கித் தைத்தது தையற் கவசம். துணி அல்லது தோலின் மீது சிறு தகடுகளைப் பதித்தது செதிற் கவசம். பின்துணியின்றித் தகடுகளைத் தம்முள் கயிற்றாலோ வாராலோ பிணைத்தது கோவைத் தகட்டுக் கவசம். வளையங்களைப் பின்னியது வளையக் கவசம். வளையங்களுக்கிடையே தகடுகளை இணைத்தது வளையத் தகட்டுக் கவசம். பெரும் பலகைகளால் ஆனது பலகைக் கவசம். செய்முறை அறியப்படாதபோது ‘மார்புக் காப்பு’, ‘உடற்காப்பு’ என்று இடத்தை மட்டும் சுட்டி நிறுத்த வேண்டும். வேத இலக்கியத்தைப் பெயர்ப்போர்க்கு இப்பொதுச் சொற்களே பாதுகாப்பானவை.

இது பழமை ஆய்வாளர்க்கு மட்டும் உரிய சிக்கலன்று. துப்பாக்கிக் குண்டைத் தடுக்கும் மேலங்கியைத் தமிழில் ‘குண்டு துளைக்காத சட்டை’ என்கிறோம். ‘துளைக்காத’ என்னும் எதிர்மறைப் பெயரெச்சம் எக்குண்டும் எப்போதும் துளைக்காது என்று பொருள்படுகிறது. அத்தகைய அங்கி எதுவும் இல்லை. இந்தியத் தர நிறுவனம் 2018இல் வெளியிட்ட 17051 எண்ணுள்ள தரம், எவ்வகைத் துப்பாக்கியின் எவ்வகைக் குண்டைத் தாங்கும் என்பதைக் கொண்டு இவ்வங்கிகளை நிலைகளாகப் பகுக்கிறது. அதன் பெயரிலும் எதிர்த்து நிற்றல் என்னும் சொல்லே உள்ளது. கைத்துப்பாக்கிக் குண்டைத் தாங்கும் அங்கி, எஃகு உள்ளீடு கொண்ட நெடுந்துப்பாக்கிக் குண்டைத் தாங்காது. இவ்வேறுபாட்டைத் தமிழ்ப் பயிற்சி நூலில் படிக்கும் காவலர் அறிந்திருக்க வேண்டும். ‘குண்டெதிர்ப்பு மேலங்கி’ என்று கூறி, நிலையையும் உடன் குறிப்பதே முறை.

இவ்வங்கியின் அமைப்பும் நம் பொருளுக்கு அரணாகிறது. 1965இல் ஸ்டெபானி குவோலெக் கண்டறிந்த கெவ்லார் முதலிய இழைகளை நெய்து, பல அடுக்காக வைத்துத் தைத்து, மார்பின் முன்னே கடினமான பலகையைச் செருகுகின்றனர். நெய்தல், அடுக்குதல், தைத்தல், பலகை வைத்தல் ஆகிய வினைகள் பழையனவே.

11. முடிவுரை

மார்புக் காப்பின் பெயர்களை மதிப்பிடும்போது நான்கு முடிவுகள் பெறப்படுகின்றன. முதலாவது, நிகண்டின் ஒருபொருட் பன்மொழி செய்யுளுக்குரியது, பொருள்வரலாற்றுக்குச் சான்றாகாது. இரண்டாவது, வளையச் சட்டை என்னும் அகராதிப் பொருள் வேத இலக்கியத்திற்கும் புறநானூற்றிற்கும் பொருந்தாது. அந்நூல்களின் வினைச்சொற்களே அதனை மறுக்கின்றன. மூன்றாவது, வேர்ப்பொருள் மட்டும் செய்பொருளைக் காட்டாது. பெயர் நிற்கப் பொருள் மாறும். நான்காவது, வகைப்படுத்தும் பெயர் இன்றியமையாதது. ஆயினும் பெயர்தோறும் கருவியைக் கற்பித்தல் கூடாது.

இனி உருவாகும் வரலாற்று அகராதிகள் காப்புக் கருவியின் பெயர்ப் பதிவில் செய்பொருள், செய்முறை, காக்கும் உறுப்பு, சான்றின் காலம், உடன்வரும் வினை ஆகிய ஐந்தையும் தர வேண்டும். ஐயமுள்ள இடத்தில் ஐயத்தையே பதிவு செய்ய வேண்டும். ஒரு சொல்லுக்கு மற்றொரு சொல்லைப் பொருளாகத் தரும் வழக்கம் நீங்கினால், பழைய போர்க்களத்தில் நின்றவன் எதனை அணிந்து நின்றான் என்பதைத் தமிழிலேயே தெளிவாகக் கூற இயலும்.